கை படாத மண்

அந்தக் கன்னைக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுக்கங்க தம்பி. சன்னல் பக்கமா. ஆமா, அப்படியே. மடியில வெச்சுக்கிட்டாலும் சரி, என் வலது கை படாத பக்கமா இருக்கட்டும். கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மாதுளைதானே? இலையைப் பார்த்தாலே தெரியுது. புது ஊட்டுல வெக்கறதுக்கா? நல்லா வரட்டும். அதுக்குத்தான் சொல்றேன், அக்கட்டால இருக்கட்டும்.

இல்லீங்க, கையில புண்ணு ஒண்ணும் இல்ல. துண்டைச் சுத்தியிருக்கறதப் பார்த்து எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. பழனி பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரரு பாம்பு கீம்பு கடிச்சிருச்சான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன். பாம்பு கடிச்சிருந்தாக்கூடத் தேவலைங்க. ஊசி போட்டா எறங்கிரும். இது எதுல எறங்கும்னு எனக்குத் தெரியல.

பயமா இருக்குது தம்பி. அறுபத்திரெண்டு வயசு ஆம்பளை, முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட உக்காந்து பயமா இருக்குதுன்னு சொல்றேன். நீங்க சிரிச்சாலும் பரவால்ல. எம்பொண்ணு ஊரு உடுமலைக்கு இந்தப் பக்கம். அங்க போயி எறங்கறதுக்குள்ள யாருகிட்டயாவது சொல்லிட்டா நெஞ்சு கொஞ்சம் லேசாகுமான்னு பாக்கறேன்.

என் பேரு நாச்சிமுத்து. ஆனா அந்தப் பேரைச் சொன்னா எங்க சுத்துப்பட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. கைராசிக்காரர் ஊடு எதுன்னு கேக்கணும். நான் கொய்யாவுக்குப் பதியன் போடறவன். கிளையில பட்டையை மோதிரமாட்டம் சீவி எடுத்துட்டு, நாரும் பாசியும் வெச்சுக் கட்டி விட்டா அதுல வேர் எறங்கிரும். அப்பறம் வெட்டி எடுத்து நட வேண்டியதுதான். அதை யாரு வேணும்னாலும் செய்யலாம். ஆனா நடறதுக்கு நான் போகணும். நான் போயி குழியில எறக்குனா அந்தக் கன்னு பட்டுப் போகாதுன்னு பேரு. கல்யாண ஊட்டுல முகூர்த்தக்கால் நட நான். எவனாவது கறவை மாடு வாங்குனா கயித்தை மொதல்ல என் கையில குடுத்துத்தான் வாங்கிக்குவான். அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல.

என்கிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு. எங்க கெணத்து மேட்டுல எங்கப்பா நட்ட கொய்யா ஒண்ணு நிக்குது. பதியன் எல்லாம் அதோட கிளையிலதான் போடுவேன். நடப் போறப்ப அந்த மரத்தடி மண்ணை ஒரு சாக்குல அள்ளிட்டுப் போவேன். குழிக்கு ஒரு பிடி. மொதல்ல தாய்மண்ணு, அதுக்கு மேலதான் கன்னு. பொறந்த எடத்து மண்ணு கொஞ்சம் கூட இருந்தா கன்னு ஏங்காது. கட்டிக் குடுத்த பொண்ணு மொத தடவை புருசன் ஊட்டுக்குப் போறப்ப அவ பொழங்குன சொம்பையும் சீப்பையும் கூடக் குடுத்து விடறதில்லையா, அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. மத்த பதியன்காரங்க ஒருத்தரும் இதைச் செய்யறதில்ல. செய்யறதுக்கு மனசு வேணும். கடைசிப் பத்து வருசத்துல மட்டும் இப்படிப் பதினோரு தோட்டம் நட்டேன் தம்பி.

அதுல ஒம்பது தோட்டம் செத்துப் போச்சு.

மொதல்ல மாரப்பன் தோட்டம். மாரப்பன் எனக்குப் பங்காளி முறை, சின்ன வயசுல இருந்து சேக்காளி. நட்டு மூணு வருசம் அப்படிக் காய்ச்சுது. நாலாவது வருசம் நுனி இலை செவந்துச்சு. துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஒரு செவப்பு. காயெல்லாம் எலுமிச்சங்காய் அளவுலயே நின்னு கல்லாட்டம் ஆயிருச்சு. தண்ணி பத்தலைன்னு நான்தான் சொன்னேன். தண்ணி விட்டான். சத்துப் பத்தலைன்னு சொன்னேன். உரம் வெச்சான். ஒண்ணும் நடக்கல. சரி, தாய்மண்ணுக்கு ஏங்குதுன்னு நெனச்சு, இன்னும் ரெண்டு சாக்கு கொண்டு போயி எல்லா மரத்துக்கும் மறுபடி ஒரு பிடி போட்டேன். சிரமத்தைப் பாக்கல. அடுத்த தையில ஒரு மரத்தைப் புடிச்சு ஆட்டுனேன், கையோட வந்துருச்சு. ஆளுயர மரம் தம்பி. கடலைச் செடி மாதிரி வந்துருச்சு.

அப்பறம் அவன் பக்கத்துத் தோட்டம், அதுக்கப்பறம் ஓடைக்கு அந்தப் பக்கம் ரெண்டு. ஒவ்வொண்ணா சேதி வரும். நான் என்னென்னமோ சொன்னேன். போர் தண்ணி உப்புன்னேன், புகைன்னேன், எவனோ வயித்தெரிச்சல்ல மருந்து ஊத்திட்டான்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிஞ்சு போச்சு. செத்தது எல்லாம் நான் நட்டது. வேற ஆளு நட்ட தோட்டம் வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சையா நிக்குது. என்னைப் பாத்துச் சிரிக்கற மாதிரி நிக்குது.

எங்கப்பா மரமா? அது நிக்குதுங்க. காய் கொஞ்சம் சிறுத்துப் போச்சு, வயசாச்சில்ல. ஆனா நிக்குது. அதை நட்டது எங்கப்பா கையி. பன்னெண்டு வருசம் முன்ன, என்னமோ புது ரகம், தேங்காய் அளவு காய்க்கும்னு லாரியில கொண்டாந்து வித்தாங்க. ஆசைப்பட்டுப் பத்துக் கன்னு வாங்கி அப்பா மரத்தைச் சுத்தி வெச்சேன். ஒண்ணு உருப்படணுமே. அத்தனையும் செவந்து செத்துச்சு. அதையும் நான்தான் நட்டேன். அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும்.

போன ஐப்பசியில மாரப்பன் தோட்டக்கலை ஆபீசரைக் கூட்டிட்டு வந்தான். சின்னப் புள்ளைதான், ஆனா நல்லாப் படிச்ச புள்ள. ஒரு மரத்தைத் தோண்டச் சொல்லி வேரைத் தூக்கிக் காட்டுச்சு. நான் அதைப் பாத்திருக்கவே கூடாது தம்பி. வேரே இல்ல, அத்தனையும் முடிச்சு. சின்னது, பெருசு, ஒண்ணு மேல ஒண்ணு. அந்தப் புள்ள நகத்தால ஒரு முடிச்சைக் கிள்ளிக் காட்டுச்சு. நூற்புழுவாம். கண்ணுக்கே தெரியாதாம். உள்ள உக்காந்து வேரைக் குடிச்சுக்கிட்டே இருக்குமாம். மண்ணுல இருக்கும், மம்பட்டியில ஒட்டுன மண்ணுலகூடப் போயிரும், கால்ல போயிரும், மம்பட்டியைக் கழுவுங்க, செருப்பைக் கழுவுங்கன்னு என்னென்னமோ சொல்லுச்சு. கடைசியா, இதை நட்டது யாருன்னு கேட்டுச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

அந்தப் புள்ள என்கிட்ட வந்து தணிவாத்தான் சொல்லுச்சு. “ஐயா, இனிமே ஒரு தோட்டத்துல இருந்து அடுத்த தோட்டத்துக்குப் போறப்ப கையை நல்லாக் கழுவிட்டுப் போங்க.”

மத்ததெல்லாம் எனக்கு மறந்து போச்சு. இது மட்டும் காதுலயே நின்னுருச்சு. ஊரே கைராசின்னு சொன்ன கையை, ஊரு முன்னாடி, கழுவுன்னு சொல்லிருச்சு. படிச்ச புள்ள, நாலு எடம் போயி வர்ற புள்ள, அதுக்கே என் கையைப் பாத்ததும் தெரிஞ்சிருக்குது. நூற்புழுன்னதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொன்னது தம்பி. கண்ணுக்குத் தெரியாத புழுவுக்கு என் கை பட்ட மரம் எது, படாத மரம் எதுன்னு எப்படித் தெரியும்?

அன்னைக்கு ஊட்டுக்குப் போயி மஞ்சளைக் கரைச்சு ஒரு மணி நேரம் கழுவுனேன். தோலு எரிஞ்சுது.

அதுக்கப்பறம் மாரப்பன் தம்பி மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தக்கால் நடற நேரத்துக்குப் போயி நின்னேன். மாமா, வெயிலா இருக்குது, நீங்க உள்ள போயி உக்காருங்கன்னு ஒருத்தன் சேரைக் கொண்டாந்து போட்டான். மார்கழி முடிஞ்ச வாரம், காலைப் பனியே விலகல, வெயிலாம். உக்காந்தேன். வேற ஆரோ நட்டாங்க. எனக்குக் கோவம் வரல தம்பி. அவங்களும் பயப்படறாங்களேன்னு பயம்தான் வந்துச்சு. அது வரைக்கும் நான் மட்டும்தான் பயப்படறேன்னு நெனச்சிருந்தேன்.

இருந்தாலும் மனசு ஒத்துக்கல. சோதிச்சுப் பாத்துரலாம்னு முடிவு பண்ணுனேன். ஊட்டுக்குப் பின்னால ரெண்டு பாத்தி கட்டுனேன், கத்திரி நாத்து. ஒரே நாத்து, ஒரே தண்ணி. ஒரு பாத்தி நான் நட்டேன். இன்னொண்ணு எங்க ஊட்டுல, ராமாத்தா நட்டா. என் பாத்தி எப்படியாவது பொழைக்கணுமேன்னு பயந்துக்கிட்டு, அப்பா மரத்தடி மண்ணை ஒரு கூடை கொண்டாந்து அதுல பரப்பி விட்டேன். ராமாத்தா அதுக்கும் சண்டைக்கு வந்தா. எனக்குன்னா மட்டும் ஓரவஞ்சனையா, என் பாத்திக்கு அந்த மண்ணு வேண்டாமான்னு கேட்டா. போடி, உன் கைக்கு அதெல்லாம் தேவையில்லன்னு சொன்னேன்.

ரெண்டு மாசத்துல அவ பாத்தி பூ விட்டுச்சு. என்னது சாண் உயரத்துல நின்னு வெளுத்துப் போச்சு. ஒண்ணைப் புடுங்கிப் பாத்தேன். வேருல மிளகு மிளகா முடிச்சு. தாய்மண்ணு போட்டும் இப்படின்னா பாத்துக்கங்க. அந்த மண்ணையே தோக்கடிக்கற அளவுக்கு என் கையில என்னமோ இருக்குது.

அன்னையில இருந்துதான் இந்தத் துண்டு. சோத்தை இடது கையில கரண்டியால திங்கறேன். ராமாத்தா மொதல்ல சிரிச்சா, அப்பறம் அழுதா, இப்ப ஒண்ணும் கேக்கறதில்ல. சித்திரை வருசப் பொறப்புக்கு எம்பொண்ணு கோகிலவாணி வந்திருந்தா. பேத்திக்கு மூணு வயசு. அப்பிச்சின்னு ஓடி வந்து கையை நீட்டுச்சு. சொறி இருக்குது சாமி, கிட்ட வராதேன்னு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போயிட்டேன். அது சிணுங்கிக்கிட்டே நின்னுச்சு. செடியே நிக்கல, குழந்தை என்னத்துக்கு ஆகும்?

மடத்துக்குளம் வந்துருச்சா? பாலம் வருதா பாருங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

கோகிலவாணியைப் பத்திச் சொல்லணும். பதினோரு தோட்டத்துல கடைசித் தோட்டம் அவளோடது. அவ மாமனார் கையால வெச்ச தென்னை நாப்பது அங்க நின்னுச்சு. நல்லாக் காய்ச்சுக்கிட்டிருந்த மரம். “தென்னையை எடுத்துட்டு எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து கொய்யா வெக்கறேன், அவரு கைராசி உங்களுக்குத் தெரியாதா”ன்னு இவ ஒத்தக் கால்ல நின்னா. மாப்பிள்ளை சாது, ஒண்ணும் சொல்லல. சம்பந்தி ரெண்டு மாசம் முறைச்சுக்கிட்டு இருந்துட்டுச் சரின்னாரு. ரம்பம் வெச்ச அன்னைக்கு அவரு வரப்புல நின்னு ஒவ்வொரு தென்னையும் சாயறதப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நாப்பதாவது மரம் விழுந்ததும், “உங்களை நம்பலீங்க சம்பந்தி, எம்மருமகளை நம்பித்தான் விட்டேன்”னு சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. காட்டறேன் பாருன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

கால் சாக்கு தாய்மண்ணுதான் கொண்டு போயிருந்தேன். பொண்ணு தோட்டமாச்சேன்னு குழிக்கு ரெண்டு பிடி போட்டேன். ரெண்டு வரிசை நட்டதுமே சாக்கு காலி, முப்பத்திரெண்டு மரம். அன்னைக்குப் பாத்து இடுப்புப் புடிச்சுக்கிச்சு. மிச்சம் நூத்தித் தொண்ணூறையும் மறுநாள் அவளே நட்டா. தாய்மண்ணு இல்லாம, வெறும் குழியில. நாலு வருசமா எனக்கு அந்தக் குறை இருக்குது. பொண்ணுக்குப் பாதிதான் செஞ்சோம்னு.

முந்தாநேத்து காலையில போன் பண்ணுனா. குரல்லயே தெரிஞ்சுது. ஊட்டுக்கு வெளிய போயி நின்னு பேசறா போல, மெதுவாத்தான் பேசுனா. “அப்பா, நீங்க நட்ட ரெண்டு வரிசை மட்டும் செவக்குது. நான் நட்டது எல்லாம் பச்சையாத்தான் இருக்குது. ஏம்ப்பா?”

ஏம்ப்பான்னு கேக்கறா தம்பி. சம்பந்தி பாத்துட்டாராம். நட்ட கையாலயே வந்து புடுங்கிட்டுப் போகச் சொல்லு உங்கப்பனைன்னு சொன்னாராம். மிச்சமும் போச்சுன்னா அந்த ஊட்டுல அவ எப்படி நிமிர்ந்து நடப்பா? நாப்பது தென்னை. ஒவ்வொரு வேளைச் சோத்துலயும் அந்த நாப்பது தென்னையைப் போட்டுத்தானே அவளுக்குப் பரிமாறுவாங்க.

என்னங்க? மண்ணா?

ஆமா, மண்ணு போட்ட ரெண்டு வரிசைதான் செவக்குது. அதைத்தானே நானும் சொல்றேன், என் கை பட்ட ரெண்டு வரிசை. ரெண்டும் ஒண்ணுதானே. இல்ல தம்பி, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. மண்ணு மேல பழி போடாதீங்க. அது எங்கப்பா மரத்தடி மண்ணு. அவரு சாகறதுக்கு மொத நாள் வரைக்கும் அந்த நிழல்லதான் உக்காந்திருந்தாரு. என் கை மேல போடுங்க, தாங்கிக்கறேன். முப்பத்தஞ்சு வருசம் நான் ஆசையா அள்ளி அள்ளிப் போட்ட மண்ணுன்னா அப்பறம் நான் யாரு? வேண்டாம். அதைச் சொல்லாதீங்க. அந்தப் பேச்சை விடுங்க.

தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க. என் இடது கையில குடுங்க. பாட்டல்ல வாய் வெக்க மாட்டேன்.

நான் ஒரு வழியோடதான் போறேன் தம்பி. ரெண்டு நாளா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். என் கை பட்ட ரெண்டு வரிசை போகட்டும், வெட்டிப் போட்டுறலாம். மிச்சம் நூத்தித் தொண்ணூறு இருக்குதில்ல, அதை நான் தொட மாட்டேன். தோட்டத்துக்குள்ளகூட எறங்க மாட்டேன், ரோட்டுலயே நின்னுக்குவேன். ஆனா அதுக்கு நான் தர வேண்டிய குறை பாக்கி நிக்குது. அதைக் குடுத்துட்டா அதுங்களுக்கு ஒரு பலம் வந்துரும். நம்ம சீட்டுக்கு அடியில இருக்குது பாருங்க ரெண்டு சாக்கு, அதுதான். நேத்து ராமாத்தாதான் தோண்டுனா, அவளேதான் சாக்குல அள்ளுனா, அவளேதான் கோணி ஊசி போட்டுத் தைச்சா. நான் பத்தடி தள்ளி நின்னுக்கிட்டேன். பஸ்சுல ஏத்துனதுகூட கண்டக்டருதான். கோகிலா கையால மரத்துக்கு ரெண்டு பிடி. நூத்தித் தொண்ணூறுக்கும் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள போட்டுருவா. அவ சுறுசுறுப்பு அப்படி.

இப்பச் சொல்லி முடிச்சதும் கொஞ்சம் பரவால்ல.

இந்த வளைவு தாண்டுனா எங்க ஸ்டாப்புதான். விசில் குடுக்கச் சொல்லுங்க. அதோ நிக்கறா பாருங்க, செவப்புச் சேலை. மம்பட்டியோடயே வந்துட்டா. இடுப்புல பேத்தி. அடடா, குழந்தையை ஏன் கூட்டிட்டு வந்தா? அது ஓடி வந்து கையைப் புடிக்குமே. நான் இந்தக் கையைப் பின்னால கட்டிக்கிட்டே எறங்கறேன்.

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்த ரெண்டு சாக்கையும் படி வரைக்கும் இழுத்து விடுங்க, கீழ அவ புடிச்சுக்குவா. பாத்து, பாத்து. அட, அடியில கிழிஞ்சிருச்சா? பரவால்ல, கொஞ்சந்தான் சிந்தியிருக்குது. கோகிலா, அதைக் குனிஞ்சு அள்ளிக்க சாமி, ஒரு பிடியும் வீணாகக் கூடாது.

என்ன தம்பி சொல்றீங்க? ஹாரன்ல காதுல விழல. எதுக்கு எந்திரிச்சு நிக்கறீங்க, நீங்க எறங்க வேண்டாம், உங்க ஊரு இன்னும் தூரம். உக்காருங்க.

கன்னைக் கீழ வெச்சுட்டா சாக்கை இழுத்தீங்க? உங்க மாதுளங்கன்னு கவருக்குள்ளயும் கொஞ்சம் விழுந்திருக்குது பாருங்க. தட்டாதீங்க, தட்டாதீங்க. அப்படியே குழியில எறக்குங்க, நல்லா வரும். பயப்படாதீங்க தம்பி, அதுல என் கை படவே இல்ல.